காலி நாற்காலியும் கைதட்டலும்



இது நீளமான பதிவு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதீர்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் நிதானமாகப் படியுங்கள். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் எடுப்பதை விடவில்லை" என்று சொல்வீர்கள். விடவில்லைதான்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு பதிவு போட்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். அந்த செட் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். நன்றாகப் படித்த பையன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது வார இறுதிகளில் கவுன்சலிங் பயிற்சி நடத்துகிறார். அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: ஃபிராய்டு காலாவதி ஆகிவிட்டார். கார்ல் ரோஜர்ஸ் வெறும் தலையாட்டி. சி.பி.டி. என்பது கணக்குப் போடுகிற மாதிரி, மனத்தைத் தொடாது. கெஸ்டால்ட் சிகிச்சை ஒன்றுதான் மனிதனை முழுதாகப் பார்க்கிறது, அதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். கீழே ஏகப்பட்ட இதயக்குறிகள். அதில் நாலைந்து நம் வீட்டு ஆட்களுடையது.

தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் நீ எழுதியதில் பாதி தப்பு, மீதி ஆபத்து. தனியாக மெசேஜ் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ பொதுவில் எழுதியதால் நானும் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் பெயர். எண்பதுகளில் ஆசிரியர் பயிற்சி படித்த எங்களுக்குக் கெஸ்டால்ட் புதிய சொல் இல்லை. உளவியல் புத்தகத்தில் பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, அடுத்து கோஹ்லரின் குரங்கு. 1913-இல் டெனெரிஃப் தீவுக்குப் போன கோஹ்லர், போர் வந்ததால் ஊர் திரும்ப முடியாமல் 1920 வரை அங்கேயே மனிதக் குரங்குகளோடு இருந்தார். சுல்தான் என்ற சிம்பன்சி, கூண்டுக்கு வெளியே இருந்த பழத்தை எட்ட முடியாமல் இருந்து, திடீரென்று ஒரு கழியை இன்னொரு கழிக்குள் செருகி நீளமாக்கி இழுத்தது. உட்காட்சி வழிக் கற்றல் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதுவோம். வெர்தைமர், கோஹ்லர், கோஃப்கா என்று மூன்று பெயரும் மனப்பாடம். நாம் பொருள்களைத் துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை, முழு உருவமாகப் பார்க்கிறோம் என்பது அவர்கள் கண்டது. அது புலன்காட்சியைப் பற்றிய ஆய்வு. யாருடைய அழுகையைப் பற்றியதும் இல்லை.

கெஸ்டால்ட் சிகிச்சை வேறு வீட்டுப் பிள்ளை. ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், ஃபிராய்டு வழியில் பயின்ற உளப்பகுப்பாய்வாளர். யூதர் என்பதால் 1933-இல் நாட்டை விட்டு ஓடி, தென்னாப்பிரிக்காவில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்து, 1946-இல் நியூயார்க் போனார். அவரும் பால் குட்மனும் ஹெஃபர்லைனும் சேர்ந்து 1951-இல் வெளியிட்ட புத்தகத்தில்தான் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் நிலைத்தது. கெஸ்டால்ட் உளவியலாளர்களின் பாடநூல்களைத் தான் படித்ததில்லை என்று பெர்ல்ஸே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் பொதுவாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது என்று மேரி ஹென்லே என்ற கெஸ்டால்ட் உளவியலாளர் 1978-இல் வெளியான கட்டுரையில் கிழிகிழி என்று கிழித்தார். ஆகவே, "நூறாண்டு ஆய்வின் பலம் கொண்ட சிகிச்சை" என்று நீ நோட்டீஸ் அடித்தால், பக்கத்து வீட்டுப் பட்டாவைக் காட்டி நம் வீட்டுக்குக் கடன் கேட்கிற கதைதான்.

இரண்டுக்கும் நடுவில் உண்மையான பாலம் ஒன்று இருந்தது. அது பெர்ல்ஸின் மனைவி லாரா. ஃபிராங்ஃபர்ட்டில் கெஸ்டால்ட் உளவியலை முறையாகப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்தான். குழந்தைக்குப் பால் மறக்கடித்துத் திட உணவு கொடுக்கும்போது, குழந்தைகள் எப்படி மெல்கின்றன, எப்படி அவசரமாக விழுங்குகின்றன என்று கவனித்ததும் அவர். அந்தக் கவனிப்புதான் 1942-இல் வந்த முதல் புத்தகத்துக்கு உயிர். அட்டையில் கணவர் பெயர் மட்டும். இதை நான் விரித்து எழுத வேண்டுமா, பெண் பிள்ளைகளே?

அந்த மெல்லுதல் விஷயம் ரொம்ப அழகானது. பிறர் சொல்லும் கருத்தை மென்று, பிடித்ததை ஏற்று, பிடிக்காததைத் துப்பினால் அது நம் உடம்பில் சேரும். அப்படியே விழுங்கினால் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அப்பா சொன்னது, வாத்தியார் சொன்னது, ஊர் சொன்னது என்று மெல்லாமல் விழுங்கியவை நம்மை உள்ளிருந்து ஆட்டி வைக்கின்றன என்றார் பெர்ல்ஸ். தம்பி, நீ பெர்ல்ஸையே மெல்லாமல் விழுங்கியிருக்கிறாய். அதுதான் என் புகார்.

இன்னொன்றும் சொன்னார். பிறர் மேல் காட்ட வேண்டியதைத் தன் மேலேயே திருப்பிக்கொள்வது. அடிக்க முடியாத பிள்ளை நகத்தைக் கடிக்கும், தன் தலையில் தானே குட்டிக்கொள்ளும். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் இருந்த எனக்கு இதற்குச் சான்று தேவையில்லை. அவருடைய கண் கூர்மையானது, அதை மறுக்கவில்லை.

இப்போது நீ "தலையாட்டி" என்று சொன்ன ரோஜர்ஸுக்கு வருகிறேன். 1964-இல் கலிபோர்னியாவில் ஒரு படம் எடுத்தார்கள். குளோரியா என்ற ஒரு பெண், முப்பது வயதுக்காரி, மணவிலக்கு ஆனவள். ஒரே நாளில் மூன்று பேரிடம் பேசினாள்: ரோஜர்ஸ், பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். முறைகளை ஒப்பிட வேண்டுமானால் இதைவிட நல்ல பாடம் கிடையாது. இணையத்தில் இருக்கிறது, பாருங்கள்.

ரோஜர்ஸிடம் அவள் தன் ஒன்பது வயது மகளிடம் பொய் சொன்னதைச் சொல்லி, சொன்னது தப்பா சரியா என்று கேட்கிறாள். அவர் பதில் சொல்லவே மாட்டார். அவள் மடக்கி மடக்கிக் கேட்பாள். அவரோ அவளுடைய தவிப்பைத் தான் புரிந்துகொண்டதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். நம் ஊரில் இது நடந்திருந்தால் "ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லையே" என்று எழுந்து போயிருப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளே தன் பதிலுக்கு வருகிறாள்.

பெர்ல்ஸ் கதை வேறு. பயமாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பயந்தவள் சிரிக்க மாட்டாள், நீ நடிக்கிறாய் என்கிறார். கால் ஆடுவதைக் காட்டுகிறார். போலி என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அவளுக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம் நிஜம் என்று அவருக்குத் திருப்தி. நேற்றைப் பற்றிப் பேச்சே கிடையாது, இந்த நிமிடம் உன் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஃபிராய்டு வழியில் 'ஏன்' என்று குழந்தைப் பருவம் வரை தோண்டுவார்கள், பெர்ல்ஸுக்கு 'எப்படி' என்ற ஒரு சொல் போதும்.

எல்லிஸ் மூன்றாவது. அவர்தான் அதிகம் பேசுகிறார். ஆண்களிடம் பேசக் கூச்சம் என்றால் அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நீ உனக்கே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் என்ன, அது பகுத்தறிவுக்குப் பொருந்துமா என்று வாதம். கடைசியில் வீட்டுப்பாடம். எனக்குப் பார்த்தவுடன் எங்கள் பழைய கணக்கு வாத்தியார் ஞாபகம்.

படத்தின் முடிவில் யார் உனக்கு அதிகம் உதவக்கூடியவர் என்று கேட்டபோது அவள் பெர்ல்ஸைச் சொன்னாள். உன் பயிற்சிக் கையேட்டில் இதோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு அப்புறம் நடந்ததையும் கேள். அவர் சொன்னபடியெல்லாம் ஆடினோமே, நம் பலத்தை அவர் கையில் கொடுத்தோமே என்று பின்னால் அவளுக்குக் கோபம் வந்தது. ரோஜர்ஸோடும் அவர் மனைவியோடும் சாகும் வரை, சுமார் பதினைந்து வருடம், தொடர்பில் இருந்தாள். அவர்களைத் தன் பெற்றோர் மாதிரி நினைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். 1984-இல் ரோஜர்ஸே இதை எழுதினார். அன்றைய தினம் யார் அதிகம் உலுக்கினார் என்பது வேறு, கூட நின்றது யார் என்பது வேறு.

அந்தத் தலையாட்டி, தம்பி, பன்னிரண்டு வருடம் ரோச்செஸ்டர் நகரில் அடாவடிப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளோடு வேலை பார்த்தவர். அறிவுரை சொல்லிச் சொல்லிப் பார்த்து, அது வேலைக்கு ஆகாது என்று கண்டவர். நம் பயிற்சிப் புத்தகத்தில் "வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்" என்று தலைப்பு இருக்கும். நெறிசார்ந்த முறை, நெறிசாரா முறை, இரண்டும் கலந்த முறை என்று பிரித்திருப்பார்கள். கவுன்சலிங்கை 'அறிவுரை பகர்தல்' என்று மொழிபெயர்த்தவர் யாரோ, பாதிக் கெடுதலை அங்கேயே செய்துவிட்டார். அறிவுரை பகர நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுத் திண்ணை போதுமே. இலங்கைத் தமிழர்கள் 'உளவளத்துணை' என்கிறார்கள், 'ஆற்றுப்படுத்தல்' என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான சொற்கள்.

அடுத்து, உன் பதிவிலேயே எனக்கு அதிகம் உறுத்திய வரி. "'முடியாது' என்ற சொல்லை 'மாட்டேன்' என்று மாற்றிச் சொல்ல வையுங்கள், பொறுப்பு வந்துவிடும்." இது கெஸ்டால்ட்காரர்கள் செய்யும் பயிற்சிதான், நீ இட்டுக்கட்டவில்லை. வசதியாக வாழ்ந்து சலித்தவர்களிடம், 'என்னால் அம்மாவிடம் பேச முடியாது' என்று சாக்குச் சொல்பவர்களிடம், இது வேலை செய்யலாம். ஆனால் உன் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். அவர்கள் இதை வகுப்பறைக்குக் கொண்டுபோவார்கள்.

மூன்றாம் வகுப்பில் எழுத்துகள் கண்ணுக்கு முன்னால் குதிக்கிற பிள்ளை "எனக்குப் படிக்க முடியாது டீச்சர்" என்கிறது. அதை "நான் படிக்க மாட்டேன்" என்று சொல்ல வைப்பாயா? காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கிற பிள்ளையிடம் "எனக்குக் கவனிக்க மனமில்லை" என்று சொல்லச் சொல்வாயா? கற்றல் குறைபாட்டையும் பசியையும் பிள்ளையின் பிடிவாதமாக மாற்றுகிற வித்தை இது. அதற்கு உளவியல் தேவையில்லை, பழைய பிரம்பே போதும்.

வேடிக்கை என்னவென்றால், 1951 புத்தகமே இதற்கு எதிரானது. மனிதனையும் அவன் சூழலையும் பிரித்துப் பார்க்கக்கூடாது, இரண்டும் சேர்ந்து ஒரே களம் என்பதுதான் அதன் அடிப்படை. பசித்த பிள்ளையும் காலி அடுப்பும் ஒரே களம். சூழலை வெட்டி எறிந்துவிட்டு "பொறுப்பு உன்னுடையது" என்று மட்டும் சொல்வது கெஸ்டால்ட்டும் ஆகாது.

இதே பிள்ளை "எனக்கு எதுவுமே வராது" என்று சொன்னால் ஆரன் பெக்கின் வழியில் வந்தவர் என்ன செய்வார்? நீ கிண்டல் செய்த அந்தக் கணக்கைத்தான் போடுவார். போன வாரம் பத்துக் கணக்கில் எத்தனை சரி? நாலு. அப்படியானால் 'எதுவுமே' என்ற சொல் சரியா? சின்ன வேலைதான், மேடையில் காட்ட முடியாது, யாரும் கைதட்ட மாட்டார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நிறைய ஆய்வுச் சான்று இந்தக் கணக்குக்குத்தான் இருக்கிறது. பெக்கும் உளப்பகுப்பாய்வில் பயின்றவர், எல்லிஸும் அப்படியே, பெர்ல்ஸும் அப்படியே. மூன்று பேரும் ஒரே தாத்தா வீட்டில் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனவர்கள். காலாவதி ஆன தாத்தாவின் பாத்திரங்கள்தான் மூன்று அடுப்பிலும் ஏறுகின்றன.

இனி காலி நாற்காலி. இதுவும் பெர்ல்ஸின் சொந்தச் சரக்கு இல்லை, மொரேனோவின் உளநாடகத்திலிருந்து எடுத்தது. எதிரே ஒரு காலி நாற்காலி. இறந்துபோன அம்மாவோ ஏமாற்றிய நண்பனோ அதில் இருப்பதாக எண்ணிப் பேச வேண்டும். பிறகு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து அவர்களாகவும் பேச வேண்டும்.

என் நாத்தனார் மகள் போன வருடம் இப்படி ஒரு பயிற்சிக்குப் போனாள். நடத்தியவர்கள் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டு நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாட்டோடு. முப்பது நாற்பது முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, இறந்துபோன அப்பாவிடம் சொல்லாமல் விட்டதைச் சொல் என்றார்கள். சொன்னாள். கத்தினாள். விழுந்து அழுதாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். திங்கட்கிழமை அவளுக்கு வந்த ஒரே செய்தி, அடுத்த நிலைப் பயிற்சிக்கு முன்பதிவு செய்தால் தள்ளுபடி என்பதுதான். பதினைந்து நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை. எங்கள் நாத்தனார் பயந்துபோய் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். இப்போது நன்றாக இருக்கிறாள்.

கோபத்தைக் கத்தித் தீர்த்தால் மனம் லேசாகும் என்று நீ நம்புகிறாய். புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002-இல் சோதித்தார். கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர், கோபமூட்டியவனையே நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது, சும்மா இருந்தவர்களுக்குக் குறைவு. நெருப்பை விசிறினால் எரியும். பாட்டிக்குத் தெரிந்த விஷயம்.

அப்படியானால் நாற்காலியே வீணா? இல்லை, இங்கேதான் நீ படிக்க வேண்டியது இருக்கிறது. லெஸ்லி கிரீன்பெர்க் என்ற கனடா நாட்டு உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தார். 1995-இல் அவரும் பைவியோவும் வெளியிட்ட ஆய்வில் காலி நாற்காலி உரையாடல் நல்ல பலன் தந்தது. ஆனால் எப்படி? தனி அறையில், பயிற்சி பெற்ற ஒருவரோடு, வாரக்கணக்கில். கோபத்தோடு நிறுத்தாமல் அதன் அடியில் இருக்கும் துக்கம் வரை போய், எதிர் நாற்காலிக்காரரையும் ஒரு மனிதராகப் பார்க்கும் வரை கூடவே இருந்து. நாற்காலி ஒன்றுதான். சுற்றியிருக்கும் ஏற்பாடு வேறு.

இன்னும் ஒரு ஆய்வு. லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேரை வெவ்வேறு முறைக் குழுக்களில் சேர்த்துப் பார்த்து 1973-இல் புத்தகமாகப் போட்டார்கள். பதினாறு பேர் மனம் கெட்டு வெளியே வந்தார்கள், அந்தக் கேடு மாதக்கணக்கில் நீடித்தது. அதிகக் கேடு செய்தது எந்த முறை? முறையின் பெயருக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரே பெயர்ப்பலகை மாட்டிய தலைவர்களே ஒருவருக்கொருவர் மாறாக நடந்துகொண்டார்கள். ஆளைக் கவரும் பேச்சோடு, தாக்கி, தோண்டி, எல்லோரும் இப்போதே திறக்க வேண்டும் என்று அவசரப்படுத்திய தலைவர்களிடம்தான் அதிகம் பேர் அடிபட்டார்கள். தம்பி, உன் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பெர்ல்ஸே கடைசிக் காலத்தில் உடனடி ஆனந்தம், உடனடி குணம் என்று விற்பவர்களைத் திட்டித் தீர்த்தார், தந்திரங்களை நம்பாதீர்கள் என்றார். அவருடைய மேடை விளக்கங்களே அந்த வியாபாரத்துக்கு விதை போட்டன என்பது வேறு விஷயம்.

சரி, கெஸ்டால்ட்டில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பீர்கள். பெய்ஸர். ஆர்னால்ட் பெய்ஸர் டென்னிஸ் வீரர், மருத்துவம் படித்தவர். 1950-இல், இருபத்தைந்து வயதில், போலியோ தாக்கி உடம்பு முழுக்கச் செயலிழந்து இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் கிடந்தார். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே மனநல மருத்துவர் ஆனார். 1970-இல் அவர் எழுதிய சில பக்கக் கட்டுரையின் கருத்து இது: ஒருவன் தான் இல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் வருவதில்லை, தான் என்னவாக இருக்கிறானோ அதை முழுதாக ஏற்கும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது. ரோஜர்ஸும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். பரிசு கொடுத்து மாற்றலாம் என்ற ஸ்கின்னர் வழிக்கு இது நேர் எதிர். "அண்ணனைப் பார், அவன் காலில் விழு" என்று தினமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என் வகுப்பில் இருந்தீர்கள்! உங்களுக்குப் புரியும். இதற்கு மேடை வேண்டாம், மைக் வேண்டாம், இரண்டு நாள் போதவும் போதாது.

1977-இல் ஸ்மித்தும் கிளாஸும் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். முறைக்கு முறை வித்தியாசம் சொற்பம். எந்தக் கட்சி ஜெயித்தது என்று நீயும் சி.பி.டி.காரர்களும் சண்டை போடுவதற்கு அதில் அதிகம் இடம் இல்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் முறையாகப் பயின்றவர்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

ஆகவே உன்னிடம் மூன்று கேள்வி. அழவைத்தவரை மறுநாள் யார் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள்? தற்கொலை எண்ணம் உள்ளவரோ மனநோய்க்கு மருந்து எடுப்பவரோ உன் அரங்கில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்? அழும்போது எடுத்த ஃபோட்டோக்களை விளம்பரத்தில் போட அவர்களிடம் எழுதி வாங்கினாயா? மூன்றுக்கும் நேரான பதில் எழுது. பதில் சரியாக இருந்தால் உன் அடுத்த பயிற்சிக்கு நானே பணம் கட்டி வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

மற்றவர்களுக்கு: வீட்டில் யாருக்காவது தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் பயிற்சி அரங்கம் தேடிப் போகாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், பணம் கிடையாது.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், நாளைக் காலை காபிக்கு அப்புறம் எல்லாவற்றுக்கும் பதில் போடுகிறேன். "அருமை டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். படித்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.